கொல்லை என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

எழுபதுகளில் பாகூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவிக்குக் கரிக்கலாம்பாக்கம். எட்டாவதோடு நின்றவள். பத்தாவது தேறினால் பால்வாடியில் வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும் தனியாகப் பரீட்சைக்குக் கட்டினாள். என்னிடம் காசு கேட்காமல் தன் அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுக்க வேண்டும் என்பாள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

சாயங்காலம் நான் ஒரு சொல் கொடுப்பேன். அடுப்படியில் இருந்தபடியே வாக்கியத்தில் அமைப்பாள்.

"அலட்சியம்."

"எங்க சார் கொழம்புல உப்பு இல்லன்னாலும் அலட்சியம் பண்ணாம சாப்புடுவாரு."

"தப்பு. பொருட்படுத்தாமல் என்று வர வேண்டும்."

"உப்பு போட்டா சரியாயிடுமா சார்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். மாமனாரும் புதுக் கடலை கொண்டுவந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் படிக்க வைப்பதாக அண்ணனிடம் பெருமையடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எந்தச் சொல்லையும் கொடுத்திருக்கலாம். கொல்லை என்று கொடுத்தேன்.

அவர்கள் பக்கம் கொல்லை என்றால் கடலையும் கம்பும் விளைகிற மேட்டு நிலம். எங்கள் ஊரில் வீட்டின் பின்புறம். கொல்லைக்குப் போவதென்றால் மலம் கழிக்கப் போவது. இரண்டு பொருளும் எனக்குத் தெரியும்.

விருந்தாளிகள் முன்னால் என்பதால் புத்தகத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "என் அப்பா விடியற்காலையில் கொல்லைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்."

அண்ணி தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அவ்வளவு நேரமா? வைத்தியரிடம் காட்டக் கூடாதோ?" என்றார் அண்ணன்.

"அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே அப்படித்தான்" என்றேன் நான்.

எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து மாமனாரும் சிரித்தார். "ஆமாங்க மாப்ள, வேல அப்புடி" என்றார்.

அவர்கள் போனபின், தமாஷுக்குத்தானே என்று அவளைச் சமாதானம் செய்யப் பார்த்தேன்.

"எங்கப்பா சிரிச்சாரே, பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. பரீட்சையன்று காலையில் கிளம்பச் சொன்னேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே "போவல" என்றாள். பால்வாடி வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

பிறகு என்னிடம் அவள் பேசியதெல்லாம் ஒற்றைச் சொல்லாகவே இருந்தது. சோறு. மழை. தபால். பக்கத்து வீட்டுக்காரியோடு மணிக்கணக்கில் பேசுவது சுவருக்கு இந்தப்புறம் கேட்கும். நான் போனால் நின்றுவிடும். ஒரு சொல்லில் விடை எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கிற வாத்தியார் நான். அவளிடம் எதுவும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

மாமனார் இறந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அதற்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "வூட்டுக்கு" என்றாள்.

எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பாவின் வீட்டை அதற்குள் இடித்து மனை போட்டிருந்தார்கள். என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன்.