எங்கள் வகுப்பில் எல்லாரும் இடதுகை

கொரிய மொழி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிக் கூட்டம், அதுவும் நாகர்கோவிலில் என்றதும் என் கணவர் சிரித்தார். "இங்க உன்னைய விட்டா வேற யாருட்டி இருக்கா?" என்றார். ஏன் இல்லை? மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம் என்று பதினோரு பேர் பெட்டியும் பையுமாக வந்து இறங்கினார்கள். கொரியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. முதல் நாளே எங்கள் ரசவடையைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

நான் கொரிய மொழி படித்தது கல்லூரியில் அல்ல. கணவருக்குக் கொரியாவில் கப்பல் கட்டும் தளத்தில் ஐந்து வருடம் வேலை. மீன்கடையில் பேரம் பேசியும் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டும் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் முறையாகத் தேர்வு எழுதி, வடசேரியில் ஒரு மாடி அறையைப் பிடித்து வகுப்பு தொடங்கினேன். ஒன்பது பேர் படித்தார்கள். நர்சிங் படிக்கும் பெண்கள், கொரியத் தொடர் பார்த்துப் பைத்தியம் பிடித்த இரண்டு பிள்ளைகள், வெல்டிங் வேலைக்குப் போக நினைக்கும் பையன்கள், அப்புறம் கொரியக் கப்பலில் வேலை தேடும், இனயம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த மீனவர் ஒருவர். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரே ஒரு காரியம்தான். பக்கத்தில் ஒரு கல்லூரியில் கொரிய மொழி தொடங்கப்போகிறார்கள். "பயிற்சிச் சான்றிதழோடு வாருங்கோ, வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் பயிற்சியாளர் முன்னால், நிஜ மாணவர்களை வைத்து, மாதிரி வகுப்பு எடுத்துத் தேற வேண்டும். உள்ளூர்க்காரி நான். என் மாணவர்களையே கூட்டிக்கொண்டு போகலாம். இதைவிடத் தோது யாருக்கு வாய்க்கும்!

என் தந்திரத்தை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: அதிகாரி முன்னால் கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அதிகாரிக்குக் கை மட்டும் தெரியும், எந்தக் கை என்று தெரியாது. நாங்கள் வலது கையாகப் பார்த்து எழுப்புவோம். பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்காக இதையே என் கொரிய வகுப்பிலும் கொண்டுவந்தேன். பிறகு அதுவே தினப்படி வழக்கமாகிவிட்டது. பாடம் எங்கும் முட்டாமல் ஓடும், எனக்கும் தொண்டை வலி மிச்சம்.

மாதிரி வகுப்புக்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். கூட்டத்தின் முதல் நாள் காலை வகுப்பு ஜம்மென்று நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் கை பறந்தது, எழுந்தவர்கள் எல்லாரும் பிசகாமல் பதில் சொன்னார்கள். திருநெல்வேலி டீச்சர் கைதட்டினார். பயிற்சியாளர் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

"அழகாக இருந்தது. ஆனால் இவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நீங்கள் கற்றுக்கொடுப்பதை நான் பார்க்கவே இல்லையே" என்றார் கொரிய மொழியில். என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லும் பாடம். நாங்கள் இன்னும் தொடாதது. "டீ குடித்துவிட்டு இதை எடுங்கள்."

டீ முடிந்து சொற்களை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன். பழக்க தோஷம், எட்டுப் பேர் கை தூக்கினார்கள். எட்டும் இடது கை. எழுப்ப ஒரு வலது கைகூட இல்லை.

"இந்த ஊரில் எல்லாருமே இடதுகைக்காரர்களா?" என்று பயிற்சியாளர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

பின்வரிசையில் மதுரை சார் குபீரென்று சிரித்துவிட்டார். அவரும் பள்ளியில் இருந்தவர், புரியாமல் இருக்குமா? அந்தச் சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. சிரிக்காதவர் பயிற்சியாளர் ஒருவர்தான். வேறு வழியில்லாமல் வலது கை இடது கை சங்கதி முழுவதையும் கொரிய மொழியில் விளக்கினேன். ஐந்து வருடம் அந்த நாட்டில் இருந்தும் இவ்வளவு கஷ்டமாக நான் எதையும் பேசியதில்லை. கல்லூரி வேலை போயே போச்சு என்று நினைத்தேன்.

அவர் கேட்டுவிட்டு, கையே தூக்காமல் இருந்த இனயத்து அண்ணனைக் காட்டி, "இவருக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

அண்ணன் எழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கிறது என்றார். அப்புறம் முழங்கால் வலிக்கிறது என்றார். "தோளு நெசமாவே வலிக்கி டீச்சரே, வலை இழுத்த தோளாக்கும்" என்று இடையில் தமிழில் வேறு. போர்டில் ஒரு மனிதனை வரைந்தேன். அது பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டி, கேட்டு, திருத்தி, ஐந்தாவது தடவையில் அவர் சரியாகச் சொன்னபோது நானே என்னை மறந்து கைதட்டினேன். பயிற்சியாளர் அப்போதுதான் எழுதத் தொடங்கினார்.

மறுநாள் சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே இருந்த மதிப்பெண் தாளில் ஒத்திகை பார்த்து எடுத்த வகுப்பைப் பயிற்சியாளர் ஒரே கோட்டில் அடித்திருந்தார். டீக்குப் பிறகு எடுத்த வகுப்பில் தேறியிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்த வந்திருந்த மாணவர்களுக்கெல்லாம் டீயும் ரசவடையும் வாங்கிக் கொடுத்தேன்.

இனயத்து அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சரே, இனிமே எந்தக் கைய தூக்கணும்?"

"எதைத் தூக்கினாலும் கூப்பிடுவேன் அண்ணா."

"தூக்காட்டியும் கூப்பிடணும், கேட்டியளா? எடது கைய தூக்கித் தூக்கி மடுத்து, சலிச்சுப்போயி ரெண்டு வாரமா நான் கையே தூக்கல்ல. நேத்து காலத்த, அந்த முதல் வகுப்புல மட்டும் உங்களுக்காகத் தூக்கினேன். நீங்க பாக்கல்ல."

நான் பார்க்கவில்லைதான். வலது கைகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.