நன்று என்று எழுத மாட்டேன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ் அரை நிமிஷம் நின்று போகும் ஊர் எங்களுடையது. அங்கே நூலகம் வந்தது அறுபத்தைந்திலோ அறுபத்தாறிலோ. வத்தல் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி தன் கட்டிடத்தில் ஓர் அறையை அதற்கு ஒதுக்கிக் கொடுத்தார். சாயங்காலம் மூன்று மணி நேரம் திறந்திருக்கும். ஆண்கள் போய்ப் பேப்பர் படிப்பார்கள். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியும் போனதில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். கடையில் அவருக்குத் துணையாக அண்ணன். நூலக அட்டை அண்ணன் பேரில்தான் இருந்தது. அவன் படிக்கிறவன் இல்லை. எனக்காக எடுத்து வருவான். தலைப்பையெல்லாம் பார்க்க மாட்டான். கதவுக்குப் பக்கத்துத் தட்டில் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான். அதனால் ஒரு வாரம் துப்பறியும் நாவல் வரும், அடுத்த வாரம் கோழி வளர்ப்பு. ஒரு தடவை ரஷ்யக் கதை ஒன்றின் இரண்டாம் பாகத்தை மட்டும் கொண்டுவந்தான். முதல் பாகத்தில் யார் யார் செத்தார்கள் என்று தெரியாமலே அதைப் படித்து அழுதேன்.

நூலகத்தில் வாசகர் கருத்து நோட்டு என்று ஒன்று உண்டு. மேலதிகாரி பார்வையிட வருகிறார், நோட்டிலோ நாலைந்து வரிக்கு மேல் இல்லை. நூலகர் பயந்த சுபாவம். "நீங்கதான் நெறைய எடுக்குறீக. நாலு வரி எழுதிக் குடுங்க" என்று அண்ணனிடம் கெஞ்சி, நோட்டையே கொடுத்தனுப்பிவிட்டார்.

"ஏ புள்ள, இத நீயே எழுதிரு. எல்லாத்துக்கும் நன்றுன்னு போடு, போதும்" என்றான் அண்ணன்.

அதற்கு முன் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். நன்று. மிக நன்று. மிகமிக நன்று. ஒருவராவது புத்தகத்தைத் திறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

நெல் சாகுபடிப் புத்தகத்துக்கு இப்படி எழுதினேன்: "மூன்றாம் நாள் வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ச்சவும் என்கிறார். புத்தகத்தோடு ஒரு வாய்க்காலும் கொடுத்தால் எங்கள் ஊருக்கு உதவும்." சமையல் புத்தகத்துக்கு: "முதல் பத்துப் பலகாரத்துக்கும் நெய் வேண்டும். கம்பும் சோளமும் சாப்பிடுகிறவர்களை இவர் பார்த்ததே இல்லை." துப்பறியும் நாவலுக்கு: "டாக்டர்தான் கொலைகாரர் என்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. துப்பறிகிறவருக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை." ரஷ்யக் கதைக்கு: "பேர்கள் வாயில் நுழையவில்லை. ஆனால் கடனுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் இடம் எங்கள் தெருவில் நடந்தது போலவே இருக்கிறது." கீழே அண்ணனின் உறுப்பினர் எண்ணைப் போட்டேன்.

அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் வேடிக்கை. அடுத்த தடவை நோட்டு வீட்டுக்கு வந்தபோது என் வரிகளுக்குக் கீழே வேறு வேறு கையெழுத்துகள். "உண்மை. கண்மாயே காய்ந்து கிடக்கிறது" என்று ஒருவர். "கொலைகாரன் யார் என்று இங்கே எழுதிய சகோதரர் உருப்பட மாட்டார்" என்று இன்னொருவர். அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த வருஷம் நான் சிரிக்கவில்லை. என்னை ஒருவர் திட்டியிருக்கிறார், அதுவும் நான் சொன்ன கருத்துக்காக!

பிறகு மண்டி முதலாளி ஒரு புத்தகம் போட்டார். குடும்பப் பெண்களுக்கு அறிவுரை. அருப்புக்கோட்டையில் அச்சடித்து, பத்துப் பிரதியை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். கதவுக்குப் பக்கத்துத் தட்டில் அதுதான் வரிசையாக நின்றதாம். அண்ணன் எடுத்து வந்தான். இரண்டு தடவை படித்தேன். நோட்டில் எழுதினேன்:

"இந்தப் புத்தகத்தில் பெண் இரண்டே தடவைதான் பேசுகிறாள். முதல் தடவை சரிங்க என்கிறாள். இரண்டாம் தடவை மன்னிச்சுக்கங்க என்கிறாள். எல்லாருக்கும் கடைசியில் படுக்க வேண்டும், எல்லாருக்கும் முன்னால் எழ வேண்டும் என்கிறார் ஆசிரியர். எப்போது தூங்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதுமுன் ஒரு பெண்ணிடமாவது கேட்டிருக்கலாம்."

மூன்றாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் முதலில் தான்தான் எழுதியது என்றான். முதலாளி ஒரு தாளை நீட்டி, "எங்க, இதுல எழுது பாப்போம்" என்றதும் உண்மை வெளியே வந்துவிட்டது. அப்பா கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வா. வந்து வெட்டி எழுதிக் குடு. மிக நன்றுன்னு போடு. அவுக பெரிய மனுசரு, நாம இதே ஊர்ல பொழைக்கணும்."

"வாரேன். ஆனா வெட்ட மாட்டேன்" என்றேன்.

நான் நூலகத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். முதலாளி நூலகரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நூலகர் நின்றுகொண்டிருந்தார்.

"பொம்பளப் புள்ளைக்குப் புத்தகத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் முதலாளி.

"படிச்சேன். வேற என்ன தெரியணும்?"

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். முதலாளி நோட்டை என் பக்கம் தள்ளினார். "வெட்டு."

"தப்பா எழுதியிருந்தா காட்டுங்க, வெட்டுறேன். பொம்பள எப்பத் தூங்கணும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீக?" அவருடைய புத்தகத்தை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தேன்.  

பேப்பருக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் கறுத்துவிட்டது. நூலகரிடம் திரும்பி, "அந்தப் பக்கத்தக் கிழி" என்றார்.

அத்தனை நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நூலகர் மெல்லச் சொன்னார்: "கிழிக்க முடியாதுங்க. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு முத்திர குத்தியிருக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்." சொல்லிவிட்டு நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனிமே ஒரு புத்தகம் இந்த வாசலத் தாண்டி வரக்கூடாது" என்றார். வரவும் இல்லை, நாலு மாதம். அதற்குள் காரியாபட்டியிலிருந்து பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் விட்டுப்போனது. ஆம்பளைகள் நடுவில் நின்று எதிர்த்துப் பேசின பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்களாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"அப்படி என்னதான் அதுல எழுதியிருந்துச்சு?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "தூங்குறத விடு. பொம்பள எப்பச் சாப்பிடணும்னு போட்டிருக்கா?"

"எல்லாரும் சாப்பிட்ட பெறகுன்னு போட்டிருக்கு."

"மிச்சம் இல்லன்னா?"

"அதப் போடலம்மா."

அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாங்கள் இருந்த வீடு அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. வீட்டு வரி ரசீது அவள் பேரில்தான் வரும். நூலகத்தில் சேர வரி கட்டுகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒங்கண்ணன் சொன்னான்" என்றாள்.

இரண்டு பேரும் போனோம். நூலகர் ரசீதைப் பார்த்துத் தயங்கினார். "வீட்டுல அவுகள்ட்டக் கேட்டீகளாம்மா?"

"வரி கேட்டு வாரப்ப பஞ்சாயத்து ஆளு என் பேரச் சொல்லித்தான கூப்பிடுறாரு? அதுக்கு மட்டும் நான் போதும், இதுக்கு அவுக வேணுமா?" என்று பெருவிரலை நீட்டினாள். நூலகர் மைப்பெட்டியைத் திறந்தார். என் பேரில் அட்டை வந்தது.

அப்பா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னார். அதோடு சரியாகிவிட்டது.

மண்டி முதலாளி சமாதானமாகவில்லை. தட்டில் இருந்த தன் புத்தகப் பிரதிகளையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டார். அறையைக் காலி செய்யச் சொன்னார். நூலகம் பஞ்சாயத்துக் கொட்டகைக்குப் போனது. ஓடு ஒழுகும், புத்தகம் நனைந்துவிடும் என்றார்கள். அதற்கு முதலில் மழை பெய்ய வேண்டுமே!

பிரதிகளை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஒன்று அண்ணன் பேரில் எடுத்தது எடுத்தபடியே எங்கள் வீட்டில் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து, நூலகக் கணக்கில் வரவு வைக்கச் சொன்னேன். பிடிக்காத புத்தகமும் நூலகத்தில் இருக்கத்தான் வேண்டும்.

எழுபது பிறப்பதற்குள் ஏழெட்டுப் பெண்கள் அட்டை வாங்கிவிட்டார்கள். டீச்சர் ஒருத்தர், தையல்காரர் வீட்டுப் பெண், அப்புறம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டு மருமகள் ஒருத்தி. புருஷன் சைக்கிளிலேயே வந்து இறங்குவாள். நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டு போட்டார்கள். அதில் நான் ஒரு காதல் கதையை ஒன்றரைப் பக்கத்துக்குக் கிழித்து எழுதியிருந்தேன். கீழே பச்சை மையில் ஒருத்தி எழுதினாள்: "இந்த அக்காவுக்கு எதுவுமே பிடிக்காது. நான் இதை மூன்று தடவை படித்தேன். இன்னொரு தடவையும் படிப்பேன்."

யார் என்று கேட்டு அவள் வீட்டுக்கே போனேன். சாயங்காலம் வரை சண்டை போட்டோம். அவளும் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை.