என்ஜினைத் திறந்தது யார்?

மால்ட்டாவில் ஓர் ஊருக்கு ஒரு தேவாலயம் போதும். ஆனால் பேண்டு வாத்திய மன்றம் இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் யாரை வைது பொழுதைப் போக்குவது? வென்ஸு சிவப்பு மன்றத்துக்காரர். தெருத்தெருவாக வேனில் காய்கறி விற்பவர். அறுபது வயதாகியும் நீல மன்றத்துக்காரர் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை. அதை ஏதோ பெரிய விரதம்போலச் சொல்லிக்கொள்வார்.

வேன் என்ஜின் பழுதானபோது சிவப்பு மன்றத் தலைவர் ஃப்ரேடுவின் பட்டறையில்தான் விட்டார். ஃப்ரேடுவுக்குத் திருவிழா வாணம் நன்றாகக் கட்ட வரும். என்ஜின் வராது. இது ஊருக்கே தெரியும், வென்ஸுவுக்கும் தெரியும். இருந்தாலும் நம்ம ஆள் அல்லவா! என்ஜினில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகட்டைப் புதிதாகப் போட்டதாக ஃப்ரேடு பில் எழுதினார். நாலாம் நாள் ஏற்றத்தில் வேன் கொதித்துப் புகை கக்கி நின்றுவிட்டது. தக்காளி முழுக்க வெயிலில் வெந்து போயிற்று.

ஃப்ரேடு கையை விரித்தார். "தண்ணி ஊத்தாம ஓட்டியிருப்ப. அதுக்கு நானா பொறுப்பு?"

வேன் ஓடினால்தான் வென்ஸு வீட்டில் அடுப்பு எரியும். மனைவி ஜித்தா பிடித்துத் தள்ளாத குறையாக அவரை நேனுவிடம் அனுப்பினாள். நேனு நீலம், ஊரில் என்ஜின் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்புக்காரர்கள் பூசையில் இருந்த நேரத்தில், வேனைத் தார்ப்பாயால் மூடி இழுத்துக்கொண்டு போனார் நம் வீரர்.

நேனு என்ஜினைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "பழைய கேஸ்கெட்டையே தொடச்சு, பசையத் தடவி மாட்டியிருக்கான் உங்க தலைவன். எழுதித் தரேன், கொண்டுபோ. கூப்பிட்டா வந்து சாட்சியும் சொல்றேன்."

தலைநகர் வலெட்டாவில் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் ஃப்ரேடுமீது மனு போட்டாயிற்று. வென்ஸு சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தார். நேனு எழுதித் தந்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. நடுவர் அம்மாள் கேட்டார்: "வண்டி நின்னதுக்கு அப்புறம் என்ஜினைத் திறந்தது யாரு?"

பின்வரிசையில் ஃப்ரேடுவோடு வந்த மன்றத்து ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வென்ஸு அந்த நாலு முகத்தையும் பார்த்தார்.

"நான்தாம்மா. நானே திறந்தேன்."

மெக்கானிக் அல்லாதவர் கைவைத்த என்ஜினில் யார் தவறு என்று எப்படிச் சொல்வது? மனு தள்ளுபடியானது.

"காகிதம் எங்க?" என்றாள் ஜித்தா.

"பையில."

"அத நீட்டுனா கையில குஷ்டமா வந்துரும்? அந்த நாலு பேருமா நாளைக்கு உனக்குச் சோறு போடப்போறாங்க?"

இருபது நாள் கெடு முடியுமுன் அவளே இழுத்துக்கொண்டு போய் மேல்முறையீடு போட வைத்தாள். இந்த முறை வென்ஸு காகிதத்தை நீட்டினார். நீதிபதி அதைத் தொடவேயில்லை.

"கீழ தீர்ப்பாயத்துல நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யா, இல்ல இங்க சொல்றது பொய்யா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யன். மேல்முறையீடும் போயிற்று. பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேஸ்கெட் ஏமாற்று ஃப்ரேடுவின் வேலைதான்; ஆனால் பையில் இருந்த நியாயத்தைக் கையால் பொத்தி வைத்தது யார்?

மறுவாரம் வென்ஸு, வழக்குக்காகப் பழுதோடே நிறுத்தி வைத்திருந்த வேனைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க, பட்டப்பகலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேனுவின் பட்டறைக்குப் போனார். அங்கே முற்றத்தில், சிவப்பு மன்றக் கொடி ஒட்டிய கார் ஒன்று மூடி திறந்தபடி நின்றது.

"இது ஃப்ரேடு வண்டியில்ல?"

"ஆமா. பன்னெண்டு வருஷமா இங்கதான் வருது. அவன் பட்டறைய நம்பி அவனே வண்டிய விடுவானா?"

"மன்றத்துல... யாருக்கும் தெரியாதா?"

"உன் வழக்குல பின்னால உக்காந்திருந்தாங்களாமே நாலு பேரு, அவங்க வண்டியும் இங்கதான். ஆளுக்கொரு ஞாயிறு, பூசை நேரத்துல." நேனு கையைத் துடைத்துக்கொண்டான். "உனக்கு முன்னால அஞ்சு வண்டி இருக்கு. வரிசையில நில்லு."