டாக்டரம்மாவின் எடையும் ஒரு புரொப்பல்லரும்

பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் விமானக் கணக்குப் போட உட்கார்ந்தவன் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அறுபதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வாயில் முப்பத்தொரு பற்கள். அவற்றில் ஒன்று மற்ற முப்பதையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு இரும்புச் சாமான்களை நிறுத்திவிட்டு, "சார் வாத்தியாராமே? என்ன பாடம்?" என்று கேட்டார். அந்த நிலையில் எப்படிப் பதில் சொல்வது? விரலால் காற்றில் ஒரு கூட்டல் குறி போட்டேன். நான் சிலுவை போடுகிறேன் என்று நினைத்து, "அடடே, எந்தச் சர்ச்சு?" என்றார். உடனே ஒரு பெருக்கல் குறி போட்டேன். புரிந்துகொண்டார்.

"கணக்கா!" என்று இடுக்கியைக் கீழே வைத்தார். "உங்க மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

பல் அன்றைக்குப் பிடுங்கப்படவில்லை.

டாக்டருக்குச் சொந்தமாக ஒரு குட்டி விமானம் இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு கழித்துவிட்ட சரக்கு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு பொந்து. மூக்கில் மரத்தால் செய்த புரொப்பல்லர். மீனம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அதை நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனிதர் அங்கேதான் இருப்பார்.

பெங்களூரில் புதிதாகக் குடித்தனம் வைத்திருந்த மைத்துனியைப் பார்க்க மனைவியை அதில் ஏற்றிக்கொண்டு போக ஆசைப்பட்டார். விமானம் ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வால் தரையைவிட்டு எழவே சோம்பல்பட்டது, சக்கரம் எழவேயில்லை. ஓடுபாதை முடிகிற இடம் தெரிந்ததும் டாக்டர் எஞ்சினை அடக்கித் திரும்பிவிட்டார். கொட்டகை வாசலில் பறக்கப் பழகும் இளவட்டங்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான், லோடு ஜாஸ்தி. அக்காவை எறக்கி விட்டா ஜம்முனு போவும்" என்றான்.

அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. கீழே இறங்கிய டாக்டரம்மா சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, ஒன்பது பேர் முன்னிலையில் (டாக்டர் சொன்ன கணக்கு ஒன்பது, நான் பிறகு விசாரித்த வகையில் ஏழு), "ஏங்க, முதல்ல அந்தக் கட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற மாத்துங்க. அதுவரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பினார்.

அவருக்கு முன்பே செய்தி தாம்பரம் வந்து சேர்ந்துவிட்டது. பல் காட்ட வந்தவர்கள் எல்லாம் "அம்மா சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தார்கள். மார்க்கெட்டில் தராசுக்காரன் அவர் முன்னால் எடைக்கல்லை எடுக்கவே கூச்சப்பட்டானாம். குற்றவாளி மரக்கட்டையா, டாக்டரம்மாவா என்பதுதான் ஊரில் வழக்கு. தீர்ப்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவருடைய மானம் இனி அந்த விமானம் அவரைத் தூக்குவதில்தான் இருந்தது.

டாக்டர் வெளிநாட்டிலிருந்து உலோக புரொப்பல்லர் ஒன்றை வரவழைத்தார். பழையதை வேகமாகப் போவதற்காகச் செதுக்கியிருந்தார்கள். புதியது சீக்கிரம் மேலே ஏறுவதற்காக. இலையின் சாய்வில்தான் வித்தியாசம். மிதிவண்டியில் மேடு ஏற ஒரு பல்சக்கரமும் சமதரைக்கு ஒரு பல்சக்கரமும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உலோகம் மரத்தைவிட ஏழு கிலோ கூடுதல். அதிக எடையைத் தூக்குவதற்காக அதிக எடையுள்ள சாமானை மாட்டுகிறார்களே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. மாட்டிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். யார் யார் எவ்வளவு எடை, பெட்ரோல் எவ்வளவு என்று அவரிடம் காட்ட வேண்டும். அந்தக் கணக்குத்தான் என் தலையில் விழுந்தது.

"எல்லாம் சுலபம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்களே கேட்டுக்கங்க" என்றார் டாக்டர். "நான் கேக்கமாட்டேன். எனக்குக் குடும்பம் இருக்கு."

டாக்டரம்மா எனக்குக் காபி கொடுத்து, இரண்டு முறுக்கும் வைத்தார். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, ஆபீஸ்ல கேப்பாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு. உங்க வெயிட்..."

"கல்யாணத்தப்போ ஐம்பத்திரெண்டு கிலோ."

"இப்ப?"

"இப்பவும் அதே கல்யாணம்தான் தம்பி."

முறுக்குத் தட்டு உள்ளே போய்விட்டது. பிறகு தாம்பரம் ஸ்டேஷன் எடை மெஷினில் அவர் ஏறுவாரா என்று இரண்டு ஞாயிறு பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். கடைசியில் அவர் சேலை கட்டும் நீளம், நாற்காலியில் உட்காரும்போது எழும் சத்தம் எல்லாம் வைத்து எழுபத்தொன்று என்று மதிப்பிட்டேன். அந்த எண்ணை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. எழுபத்தொன்று என்றால் பழைய கட்டையே அன்றைக்கு விமானத்தைத் தூக்கியிருக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் முப்பத்தைந்து கிலோ எங்கேயோ மிச்சமாக உட்கார்ந்திருந்தது. அந்த முப்பத்தைந்தையும் டாக்டரம்மாவின் பேரில் எழுதினால் நூற்றாறு வந்தது. நூற்றாறு என்று எழுதிய தாளை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கிழித்துப் போட்டேன்.

புரொப்பல்லர் மாட்டும் நாளில் நானும் கொட்டகைக்குப் போனேன். மெக்கானிக் பல்லாவரத்துக்காரர்; எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். புரொப்பல்லரை அவர் பங்கா என்றுதான் சொல்வார். பழையதைக் கழற்றினார், புதியதை ஏற்றினார், ஆறு போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினார். ஆறையும் நான் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"இன்னா சார், குட்டி போடும்னு பாக்கறியா?" என்றார் பாய்.

பிறகு இலையின் நுனிக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு இலை தொட்டும் தொடாமலும் கடக்கும் இடத்தில் பென்சிலால் கோடு கிழித்து, கையால் சுற்றி அடுத்த இலையும் அதே கோட்டில் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அடுத்து, புதிய எடையோடு விமானத்தையே நிறுக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் வாலுக்குமாக மூன்று தராசுகள். நிறுக்கும்போது உள்ளே வேண்டாத சாமான் எதுவும் இருக்கக்கூடாது. பொந்தில் நுழைய ஒல்லியான ஆள் தேவைப்பட்டது. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பொந்துக்குள் தவழ்ந்து போனேன். அதற்கும் பின்னால், வாலைத் திருப்பும் கம்பிக்கயிறு ஒன்றின் ஓரமாக, இருட்டில் ஏதோ உருண்டையாகக் கிடந்தது. கையை நீட்டினேன். குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

அம்மிக் குழவி. புத்தம் புதுசு, கொத்தின தூள்கூடப் போகவில்லை.

பாய் அதை வாங்கிக் கையில் புரட்டினார். "எங்க ஊர் கல்லு சார் இது. ஏரோப்பிளேன்ல இது இன்னாத்துக்கு கீது? மேல போயி மசாலா அரைக்கவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழவி மட்டும் தனியாக யாரும் வாங்கமாட்டார்கள். அது இருந்தால் அம்மியும் இருந்திருக்கும். முப்பத்தைந்து கிலோ.

குழவியைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தாம்பரம் வந்தேன். எதிரில் உட்கார்ந்தவர் குழந்தையா என்று எட்டிப் பார்த்தார். டாக்டர் கிளினிக்கில் இருந்த நேரம். டாக்டரம்மாவின் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இது எங்க போச்சுன்னு பல்லாவரம் வரைக்கும் போய்த் தேடினேனே! தங்கச்சிக்கு லாரியில அனுப்பின அம்மி, குழவி இல்லாம அங்க சும்மா கிடக்கு."

"அக்கா, அம்மியை ஏரோப்பிளேன்ல..."

"பெங்களூர்ல கிடைக்கிற கல்லுல தேங்காய் நைசா அரையுமா தம்பி? கூடப் பிறந்தவ வீட்டுக்கு முதல் தடவை போறேன், கையை வீசிக்கிட்டா போறது? வாட்ச்மேன்கிட்ட சொல்லி, கம்பளி போட்டு மூடிப் பின்னால வச்சேன். இவர் பாத்தா பெட்டியே கூடாதும்பார். கல்லுன்னா விடுவாரா?"

"அப்போ விமானம் எழும்பாததுக்குக் காரணம்..."

"தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "சொன்னா என் வெயிட் மேல இருக்கிற பழி போயிடும். ஆனா ஏரோப்பிளேன்ல அம்மி ஏத்தினவன்னு இவரோட அண்ணன் தம்பி அத்தனை பேரும் நான் கண்ணை மூடுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. சொல்லலைன்னா குண்டுன்னு சொல்லுவாங்க. இவர் காதுக்கு இது போகக்கூடாது. நீங்களே சொல்லுங்க, ரெண்டுல எது தேவலை?"

கணக்கில் இதற்கு வழி இல்லை. "புதுசு மாட்டியாச்சு அக்கா. நீங்க ஏறி அது பறந்துட்டா ரெண்டுமே இல்லை" என்றேன். அவர் முகம் தெளிந்தது. முறுக்கு திரும்பி வந்தது, இந்த முறை ஐந்து.

தப்பித்தேன் என்று நினைத்து வெளியே வந்தால், கிளினிக் கதவிலிருந்து டாக்டர் என்னைச் சைகையால் கூப்பிட்டார். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"வீட்டுக்குள்ள 'அம்மி'ன்னு ஏதோ காதுல விழுந்துது. கல்லு விஷயம் தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

"உங்களுக்கு எப்படி..."

"அன்னிக்கே வாட்ச்மேன் சொல்லிட்டான். ரெண்டு வருஷமா மெட்டல் புரொப்பல்லர் வாங்கணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன், வீண் செலவுன்னு ஒத்துக்கவே இல்லை. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவ வாயாலேயே மாத்துங்கன்னுட்டா. அதுக்கப்புறம் கல்லைப் பத்திப் பேச எனக்கென்ன பைத்தியமா? அம்மியும் குழவியும் லாரியில போயாச்சு, விஷயம் முடிஞ்சுது."

"குழவி போகலை டாக்டர். இப்பதான் வாலுக்குள்ளேயிருந்து எடுத்துட்டு வந்தேன்."

டாக்டர் பல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அம்மி இறங்கிய பிறகு அவர் தனியாக நான்கு முறை பறந்திருக்கிறார். விமானத்தைத் திருப்பும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், அது பழைய கட்டையின் தேய்மானம் என்றும் என்னிடமே இரண்டு தடவை விளக்கியிருக்கிறார்.

"கம்பிக்கயிறு பக்கமா கிடந்துது?"

"ஓரமா."

அந்தக் கயிற்றில் குழவி சிக்கியிருந்தால் வானத்தில் விமானத்தைத் திருப்பியிருக்கவே முடியாது. "அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா" என்றார் டாக்டர். அவர் மனைவியும் அதையேதான் வேறு காரணத்துக்காகச் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா கொட்டகைக்கு வந்தார். கையில் பை இல்லை, டிபன் கேரியர்கூட இல்லை. டாக்டர் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாயும் பார்த்தார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தபோது மூவரும் வானத்தைப் பார்த்தோம். இளவட்டங்கள் அன்றைக்குப் பதினோரு பேர். செய்தி பரவியிருந்தது.

விமானம் கிளம்பியது. புதிய புரொப்பல்லரின் சத்தமே வேறு; மாவு சலிப்பது போலச் சீராக இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே வால் எழுந்தது. பாதி ஓடுபாதை மிச்சமிருக்கும்போதே சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பாய் என் தோளில் அடித்த அடியில் கண்ணாடி கழன்றது. பதினோரு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். பரங்கிமலைப் பக்கம் ஒரு வட்டம் அடித்து விமானம் எங்கள் தலைக்கு மேலே வந்தபோது, ஜன்னலில் ஒரு கை ஆடியது. வளையல்களை என்னால் எண்ண முடியவில்லை.

இறங்கியதும் டாக்டரம்மா நேராக அந்த இளைஞனிடம் போனார்.

"தம்பி, நீ ஏறு. உன்னையும் தூக்குதான்னு பாத்துடலாம்."

"சாரிக்கா" என்று அவன் நெளிந்தான்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் தம்பி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. அன்னிக்கு ஏன் எழும்பலை?"

டாக்டர் என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். இருவர் கண்ணும் ஒன்றையே கெஞ்சியது. அம்மி விஷயம் டாக்டருக்குத் தெரியும் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. பதினோரு இளவட்டங்களும் காத்திருந்தார்கள். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிக்கொண்டார்.

"சந்தேகமே இல்லை" என்றேன், வகுப்பறைக் குரலில். "எல்லாம் அந்த மரக்கட்டையோட குத்தம்."

டாக்டரம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு காருக்குப் போனார். டாக்டர் பின்னாலேயே ஓடினார். கூட்டம் கலைந்தது. மரக்கட்டை கொட்டகையின் மூலையில் சாய்ந்து கிடந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. நான் அதைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பாய் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இன்னா சார், அதுகிட்ட மன்னிப்பு கேக்கறியா?"

"இல்லை பாய். அம்மியை இறக்கினதும் புதுசை மாட்டினதும் சேந்து நடந்துபோச்சு. பழசே அக்காவைத் தூக்கியிருக்குமா இல்லையா? இனிமே யாருக்கும் தெரியாதே. அதான் மனசைப் போட்டு அரிக்குது."

"அத்த மறுபடி மாட்டி, அம்மாவ ஏத்திப் பாத்தா தெரிஞ்சிடும்." பாய் கார் போன திசையைப் பார்த்தார். "நீ போயி கேட்டுகினு வா சார். நான் அதுக்குள்ள போல்ட்ட கழட்டி வைக்கிறேன்."

நான் போகவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்தேன்.