விருந்தாளிப் பாயில் அமர்ந்தவள்

அக்கா மகளின் கல்யாணத்துக்காகப் பிறந்த வீட்டுப் படியேறிய யுஸ்னியார், வாசலை ஒட்டி விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தாள். அது மாப்பிள்ளைமார் உட்காரும் பாய். பாயகும்பு என்கிற அந்த ஊர்ப் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகள்களுக்குப் போகும். மணம் முடித்து வருகிற ஆண்தான் அங்கே விருந்தாளி. தாய் இறந்தபின் அந்த வீடு யுஸ்னியாருக்கும் அவள் அக்கா எர்மாவுக்கும் உரியது. வீட்டுக்காரியே விருந்தாளியைப் போல முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, யாராவது சாப்பிடச் சொல்வார்களா என்று பார்த்திருந்ததைக் கண்டு அடுப்படிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்னடி புது மாப்ள, வெத்தல வச்சு அழைக்கணுமா?” என்றாள் எர்மா.

யுஸ்னியாரும் சிரித்தபடியே எழுந்தாள். ஆனால் சோற்றுப் பானையின் பக்கம் போகாமல், சாப்பிடலாமா என்று அக்காவிடம் கேட்டாள். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அடுப்படியில் சிரிப்பு நின்றுபோயிற்று.

பெக்கன்பாருவில் துணிக்கடை நடத்தும் ஷஃப்ரிசாலை மணந்து அவள் நகரத்துக்குப் போனபோது, அவளைப்போல வாயாடி பிறந்த ஊரில் இல்லை. அங்கே வாடகை வீடு. சுற்றிலும் அறியாத முகங்கள். முதலில் அவளுடைய தோழிகள் அவனுக்குப் பிடிக்காமல் போனார்கள். பிறகு அவள் கைபேசியைத் தினமும் சோதித்தான். பிறகு அடி. அடித்த மறுநாள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுவான். அந்த அழுகையை அவள் அன்பு என்று நம்பினாள். கல்யாணத்துக்குக்கூடக் கடையில் கூட்டம் என்பதால்தான் தனியே அனுப்பியிருந்தான். மறுநாள் காலையில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

எர்மா அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய்த் தேங்காய் துருவ உட்காரவைத்தாள். சட்டைக் கை மேலேறியபோது தெரிந்த கன்றலுக்கு, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் காரணம் சொன்னாள் யுஸ்னியார்.

“உன் வீட்ல தரை மட்டுமா வழுக்குது? செவுரு, கதவு எல்லாமே வழுக்கும்போல.”

யுஸ்னியார் தலையைக் குனிந்துகொண்டாள். “கெட்டவரில்லக்கா. கோவம் வந்தா அடக்கத் தெரியாது, அவ்ளோதான்.”

“அப்படியா? நாள் முழுக்கப் பேரம் பேசி, கடைசியில வாங்காமப் போறாங்களே, அவங்கள அடிச்சிருக்காரா?”

யுஸ்னியாருக்குக் கடை கண்முன் வந்தது. முப்பது துணியைப் புரட்டிப்போட்டுவிட்டு ஒன்றையும் வாங்காமல் போகிறவளையும் அவன் வாசல்வரை வந்து வழியனுப்புவான். அவனுக்கு அடக்கத் தெரியும். வீட்டுக்கு வரும்வரை அடக்கி வைத்திருந்து, கதவைச் சாத்திய பிறகுதான் அவிழ்த்துவிடுகிறான்.

மறுநாள் ஷஃப்ரிசால் இனிப்புப் பொட்டலங்களோடு வந்தான். குடும்பத்துக்குப் பெரியவரான தாய்மாமன் ஜாமாரிஸ் அவனை உபசரித்து அமர்த்தினார். யுஸ்னியாருக்குக் கொஞ்ச நாளாக மனம் சரியில்லை, இல்லாததை எல்லாம் கற்பனை செய்கிறாள் என்று அவன் மெல்லிய குரலில் வருத்தப்பட்டான். சண்டைகளைச் சமாதானமாக முடித்துவைப்பதில் பெயர் வாங்கிய மாமா, உறவினர்கள் கூடியிருக்கும் நேரத்தில் பேச்சு வளர வேண்டாம் என்று எண்ணி, பையை எடுத்துக்கொண்டு வரும்படி அவளைப் பணித்தார்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் போகல, மாமா. இவரு என்னை அடிக்கிறாரு. போன மாசம் கழுத்த நெரிச்சாரு. இன்னிக்கு அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த தடவ வந்து சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்.”

ஷஃப்ரிசால் சிரித்தான். குரலை உயர்த்தவில்லை. “யுஸ், வண்டியில ஏறு” என்றான்.

தூணிலிருந்து அவள் கை தானாக விடுபட்டது. கால்கள் வாசலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டன. மனம் நில் என்றபோதும் உடம்பு அந்தக் குரலுக்குப் பழகியிருந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். மாமா அந்தக் கால்களைப் பார்த்தார். ஓடியாடித் திரிந்த பெண் இப்படி நடக்க எத்தனை நாள் பயம் வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“மாப்ள, டீ ஆறிடுச்சு” என்றார். “தூரப் பயணம் போறவரு நீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க.”

அந்த ஊரில் ஒரு மாப்பிள்ளையை இதற்குமேல் வெளிப்படையாக யாரும் வெளியேற்றுவதில்லை. ஷஃப்ரிசால் ஏதோ சொல்லத் தொடங்கினான். மாமாவோடு உறவுக்கார ஆண்கள் எல்லாருமே எழுந்து நின்றார்கள், வழியனுப்புகிற மரியாதையோடு. அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான்.

வழக்கும் விவாகரத்தும் அதற்குப் பிறகு மெல்ல நடந்தன. அழுகைக் குரலில் அவன் அனுப்பிய செய்திகளைக் கேட்டு மனம் இளகிய நாள்களும் உண்டு. அந்நாள்களில் கைபேசியை எர்மாவிடம் கொடுத்துவிடுவாள். நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் மாமா கூடவே போனார். தான் முதலில் அவளைப் பையெடுக்கச் சொன்னதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆயினும் விடுதலை எப்போது கிடைத்தது என்று கேட்டால், தீர்ப்பு வந்த நாளை அவள் சொல்வதில்லை. மாமா அவனை அனுப்பிவைத்த அன்று, அவன் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அவள் உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். வெளியே கல்யாணப் பாத்திரங்களைக் கழுவுகிற சத்தம். விசாரிக்க வந்த பெண்களை எர்மா வாசலிலேயே மடக்கி, “தூங்குறா, நாளைக்கு வாங்க” என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவன் வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்காமல், பட்டப்பகலில் யுஸ்னியார் வாய் பிளந்து தூங்கினாள். குறட்டைகூட விட்டாளாம்.