முள் சிவப்புக்குப் போனால்

1. காலியாக இருந்த இடம்

செல்லத்துரை சாரின் டீசல் அம்பாசிடர் முதல் தடவை என் ஷெட்டுக்கு வந்தபோது பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூரை அடுத்த பாடியில், மெயின் ரோட்டைப் பார்த்தபடி தகரக் கூரை போட்ட ஷெட் என்னுடையது. ஆவடி, அம்பத்தூர் டாக்ஸிகள் பட்டணத்துக்குள் போக என் வாசலைத் தாண்டித்தான் போகும். சூடு தாங்காத வண்டிகள் அங்கேயே ஒதுங்கிவிடும். அப்படியே கூலிங் வேலைக்கு நம்ம ஷெட் என்று பேராகிவிட்டது.

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். செல்லத்துரை சார் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பாரிவாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். கையில் மிச்சமிருந்ததை இந்த செகண்ட் ஹேண்ட் வண்டியில் போட்டிருந்தார். கூட வந்தவன் அவருடைய ஒரே மகன் ஜெபசிங், கூப்பிடுவது ஜெபா. எங்கேயும் வேலை கிடைக்காமல் இருந்த பையனுக்கு ஒரு வழியாக இருக்கட்டும் என்று வாங்கிய வண்டி.

என்ஜின் ஆறும் வரை டீ குடித்தோம். பிறகு ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, மேல் ஹோஸைக் கழற்றி, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் முன்பக்கம் இருக்கும் மூடியைத் திறந்தேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“இன்னா சார் இது, தெர்மோஸ்டாட்டே காணோம். யார் கழட்னது?”

“வண்டிய வாங்கும்போதே ஒரு மெக்கானிக்கு கழத்திப்போட்டாம்லா தம்பி. மெட்ராஸ் வெயிலுக்கு இது வேண்டாம்னு சொல்லுதான்.”

அந்தக் காலத்தில் பாதி மெக்கானிக்குகள் அதைத்தான் செய்தார்கள். தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளேயே சுற்றவிடும். வேண்டிய சூடு வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். கதவு மாட்டிக்கொண்டால் வண்டி கொதிக்கும், வாஸ்தவம்தான். அதற்காகக் கதவையே பிடுங்கிவிட்டால் காலையில் என்ஜின் சூடேற நேரமாகும், புகை தள்ளும், டீசல் குடிக்கும், உள்ளே தேயும். உண்மையான கோளாறும் அப்படியே இருக்கும். இந்த வண்டியின் உண்மையான கோளாறு ரேடியேட்டரில் இருந்தது. போர்வெல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, டியூபுக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

ரேடியேட்டரைக் கழற்றிக் கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன். புது தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அது வாய் திறப்பதைச் செல்லத்துரை சாருக்குக் காட்டினேன். ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்க்க வைத்து, பழைய பேக்கிங்கைச் சுரண்டி, புது பேக்கிங் போட்டு மூடினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். மேல் ஹோஸ் திடீரென்று சூடானது. கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

“சார், போர் தண்ணி ஊத்தாதீங்க. கூலண்ட் இல்லன்னா காய்ச்சி ஆறவெச்ச தண்ணி. டெம்பரேச்சர் முள்ளு மேல போச்சுன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடணும். சூடா இருக்கசொல்ல மூடியத் தொறக்கவே கூடாது.”

“சரி தம்பி, பாத்துக்கிடுதேன்” என்று தலையாட்டினார். ஜெபா பின் டயருக்குப் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2. எழும்பூர் சவாரி

சில மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஜெபா அம்பத்தூர் ஸ்டாண்டில் நின்றான். என் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவான். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன், அப்பா பேச்சு ஒரு ஊர், இவன் பேச்சு அசல் மெட்ராஸ். “இன்னாண்ணே, சாப்ட்டியா?” என்று ஓடுகிற வண்டியிலிருந்தே கேட்பான்.

ஒரு சாயங்காலம் எழும்பூர் சவாரி. ஃபேன் பெல்ட் லூஸாகி, டிராஃபிக்கில் முள் ஏறியிருக்கிறது. பையன் சரியாகத்தான் செய்தான். வண்டியை என் ஷெட்டுக்குள் திருப்பி நிறுத்தினான். பெல்ட்டை இழுத்து டைட் வைப்பது சின்ன வேலை. ஆனால் என்ஜின் ஆறவேண்டும். வண்டியில் இருந்த குடும்பம் பொறுக்கவில்லை. வேறு வண்டி பிடித்துப் போனார்கள். ரயில் போய்விட்டது.

மறுநாள் அந்தக் குடும்பத் தலைவர் ஸ்டாண்டுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார். விஷயம் செல்லத்துரை சார் காதுக்குப் போய், மகனைக் கூட்டிக்கொண்டு நேராக என் ஷெட்டுக்கு வந்தார். வேறு இரண்டு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தார்.

“நம்பி ஏறுன ஆள நடுவழியில எறக்கி விடுதவனுக்கு எதுக்குல ஸ்டீரிங்கு? ஃபேக்டரில இத்தன வருசம் ஒரு நாள் லேட்டாப் போயிருப்பனால நானு? எம் பேரையே கெடுத்துப்புட்டியே!”

“இல்லப்பா, முள்ளு ஏறிச்சு...”

“முள்ளு ஏறுனா ஏறட்டும். சவாரிய முடிச்சிட்டு நிறுத்துல!”

நான் குறுக்கே போனேன். “சார், அவன் செஞ்சதுதான் கரெக்டு. ஓட்டியிருந்தா ஹெட்டு போயிருக்கும்.”

“நீங்க சும்மா இருங்க தம்பி. அவனுக்கு வக்காலத்து வாங்காதீங்க.”

பெரிய மனிதர், கஸ்டமர். நான் நிறுத்திக்கொண்டேன். ஜெபாவின் காது சிவந்துபோயிருந்தது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு என் வாசலில் அவன் ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

3. திருமங்கலம்

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து தகவல் சொன்னார். “நைனா, அந்த வெள்ள அம்பாசிடர் பையன் திருமங்கலத்தாண்ட நின்னுகினு கீறான். வண்டி அசையமாட்டேங்குது. உன்னாண்ட சொல்லச் சொன்னான்.”

தெரிந்தவர் ஒருவரை ஜீப் ஓட்டச் சொல்லிக் கயிற்றோடு போனேன். வண்டி ஓரமாக நின்றது. பானெட் பெயின்ட் கருகின வாசனை அடித்தது. என்ஜினின் கிராங்க்கைக் கையால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. என்ஜின் ஜாம். கீழே குனிந்து பார்த்தால் வாட்டர் பம்புக்கு அடியில் ஈரத்தின் தடம் காய்ந்திருந்தது. பம்ப் சீல் போய்த் தண்ணீரெல்லாம் வழி நெடுக ஓடிவிட்டது. சீல் எந்த வண்டியிலும் எந்த நாளும் போகும். யார்மேலும் பழி சொல்ல முடியாத ரிப்பேர். நிறுத்தியிருந்தால் அரை நாள் வேலை.

கயிறு கட்டி ஜீப் இழுத்தது. ஜெபா ஸ்டீரிங் பிடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். செத்த வண்டியை இழுத்துப் போகும்போது என்ஜின் சத்தம் இருக்காது, மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

“முள்ளப் பாக்கலியாடா?”

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாத்தேண்ணே. அம்பத்தூர் தாண்டசொல்லவே ஏற ஆரமிச்சிடுச்சு. உன் ஷெட்டத் தாண்டிதான் போனேன். நீ ஏதோ வண்டிக்கு அடியில படுத்துகினு இருந்த. ஸ்லோ பண்ணேன். பின்னால ஒரு பெரியவரும் அந்தம்மாவும். ஊருக்குப் போறாங்க, எழும்பூர்ல ட்ரெய்னு. திரும்பவும் அப்பாகிட்ட யாரு பேச்சு வாங்கறதுன்னு மிதிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“சிவப்புல போய் நின்னுகிச்சு. ஆண்டவரே, ஸ்டேஷன் வரைக்கும்னு சொல்லிகினே போனேன். கொஞ்ச தூரம் போனதும் முள்ளு தானா எறங்கிடுச்சுண்ணே. சத்தியமா. கீழ வந்துட்ச்சு. ஜெபத்தக் கேட்டுட்டாருன்னு நெனச்சேன். கரெக்ட் டைமுக்கு எறக்கி வுட்டேன். அந்தம்மா நல்லா இருப்பா தம்பின்னு சொல்லிட்டுப் போச்சு. திரும்பி வரசொல்லதான் திருமங்கலத்தாண்ட நின்னுகிச்சு.”

சூட்டை அளக்கும் முனை, நாங்கள் பல்பு என்போம், ஹெட்டில் தண்ணீருக்குள் முழுகியிருக்கும். தண்ணீர் வற்றிப்போய் அது வெறுமனே நின்றால் சூட்டைக் காட்டாது. முள் கீழே வந்துவிடும். வண்டி பிழைத்துவிட்டது என்று அவன் நினைத்தபோதுதான் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

அதை நான் அவனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4. பிரித்தபோது

செல்லத்துரை சார் எதிரில்தான் ஹெட்டைக் கழற்றினேன். ஹெட்டில் விரிசல். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. என்ஜின் போக மிஞ்சியது வண்டிக்கூடும் நான்கு டயரும்தான். இன்னொரு என்ஜின் போட அவரிடம் வழியில்லை என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

“முள்ளப் பாக்கத் தெரியாத குருட்டுப்பயலப் பெத்துட்டேன் தம்பி” என்றார் என்னிடம். மகன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். “தூங்கிட்டே ஓட்டிருப்பான். கண்ணு ரோட்லயும் இல்ல, மீட்டர்லயும் இல்ல.”

“சார், அது அப்படி இல்ல” என்று ஆரம்பித்தேன். ஜெபா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவன் எனக்குக் கொடுத்தது அவனுடைய ரகசியம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பனும் மகனும் பஸ் ஏறிப் போனார்கள். ஒரே பஸ்ஸில் முன் வாசலில் ஒருவர், பின் வாசலில் ஒருவர். வண்டியை ஷெட் பின்னால் தள்ளி வைத்தோம். மழைக்காலம் வருவதற்குள் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது.

ஜெபா வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். பம்பாய் என்றான் ஒருவன், சூரத் என்றான் இன்னொருவன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

5. வாசலில் நின்று கேட்டது

ஒரு நாள் காலையில் செல்லத்துரை சார் வந்தார். வண்டியை உடைக்கிற ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆள் இளைத்திருந்தார். பெஞ்சில் உட்காரவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். நீங்கதான அவனக் கட்டி இழுத்துட்டு வந்தீங்க. அவன் என்ன சொன்னான்? முள்ளு ஏறுனத அவன் பாக்கவே இல்லியா?”

போனவனிடமிருந்து பல மாதமாக ஒரு தகவலும் இல்லை. இனிமேலும் மூடி வைத்து யாரைக் காப்பாற்றப் போகிறேன்? மகன் கவனமில்லாதவன் என்றே இவர் கடைசிவரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பது சரியா? சொன்னேன். அம்பத்தூரில் ஏறினது, ஷெட்டைத் தாண்டினது, சிவப்பில் நின்றது, ஜெபம் செய்தது, எல்லாம் சொன்னேன். உங்கள் ஏச்சுக்குப் பயந்துதான் நிறுத்தவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் மெல்ல நடந்து வாசலுக்குப் போனார். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன.

“இங்ஙனயா ஸ்லோ பண்ணுனான்?”

“ஆமா சார்.”

“திருப்பிருந்தா நேரா உள்ள வந்திருப்பான், என்ன?”

“ஆமா சார்.”

“பாத்துட்டேதான் போயிருக்கான்” என்றார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே ரோட்டோரமாகப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பாரிவாக்கம் வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு ஊருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அது வரைக்கும் பையன் வந்தானா, பிறகாவது வந்தானா என்று எனக்குத் தெரியாது. உடைக்கிற ஆள் வந்து வண்டியை எடுத்துப் போனபோது நான் ஷெட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதே, உப்புத் தண்ணீர் ஊற்றாதே, பெல்ட்டையும் ஹோஸையும் பம்பையும் மாதம் ஒரு தடவை கையால் தொட்டுப் பார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு மேல் ஒன்று. வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது முதலாளியோடு மட்டும் பேசிவிட்டு அனுப்பாதே. ஓட்டுகிறவனைக் கூப்பிடு. முள் சிவப்புக்குப் போனால் நிறுத்து, சவாரி போனாலும் பரவாயில்லை என்று முதலாளி காதில் விழும்படியாக அவனிடம் சொல். அந்த முதலாளி வாயாலும் அதை ஒரு தடவை சொல்லவை.

ஷெட்டை மூடும் வரைக்கும் நான் அப்படித்தான் செய்தேன். சில பேர் சிரித்தார்கள். சில பேர், எங்க டிரைவருக்கு நீ என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று கோபப்பட்டு வேறு ஷெட்டுக்குப் போனார்கள். சில என்ஜின்கள் பிழைத்தன. எனக்கு அதில் பெரிய ஆறுதல் ஒன்றும் கிடைத்ததில்லை.