கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

எங்கள் கிறிஸ்தவ சபையில் அந்த அக்காவுக்கு இரண்டு பெயர். சபைத் தேர்தலுக்கு முன்னால் லைப்ரரி அக்கா. தேர்தலுக்குப் பின்னால் கேட் அக்கா. முதல் பெயர் அவர் நகராட்சி நூலகத்தில் வேலை பார்ப்பதால் வந்தது. இரண்டாவது பெயரை வைத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டியவன் நான்.

நான் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். சபைக்கு முதுகைக் காட்டி உட்காருவதால், போதகர் கை காட்டுவது தெரியட்டும் என்று எனக்கு முன்னால் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அதில் போதகரைத் தவிர மற்ற எல்லாரும் நன்றாகத் தெரிவார்கள். பிரசங்கத்தில் தூங்குவது யார், யாருக்கு முகம் கொடுக்காமல் யார் உட்காருகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்காவையும் அந்தக் கண்ணாடியில்தான் இத்தனை வருடமாகப் பார்த்து வந்திருக்கிறேன். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு. ஓரத்தில் அக்கா, பக்கத்தில் அவருடைய தம்பி, அதற்கடுத்து தம்பி மனைவி.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரே வீடுதான், மாடியில் அக்கா, கீழே தம்பி குடும்பம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பொண்ணு கேக்க வந்தவங்க எல்லாம் லைப்ரரி மூடுற நேரத்துக்கு வந்தாங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அதே வேன் ஆலயத்துக்குக் கிளம்பும். அக்கா முன் சீட்டில் ஏறிக்கொள்வார். வழியில் பல் டாக்டரின் அம்மாவை ஏற்றிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவ்வப்போது பிரசங்கம் செய்வது உட்பட நூறு வேலை, அம்மாவைக் கூட்டிவருவது மட்டும் அதில் சேராது.

அரசாங்கத் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று முதுகு வலி வரும். அக்காவுக்கு மட்டும் எந்த வலியும் வராது. முந்தின நாளே புடவையைத் தேய்த்து வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் போய் நிற்பார். "இதுக்கு ஏன் இவ்வளவு பாடு, ஜெபக்கூட்டத்துக்குப் போற மாதிரி போறீங்களே" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

"ஆமா, அப்படித்தான் போறேன். கர்த்தருக்குச் செய்ய ஒரு கை, கவர்மென்டுக்குச் செய்ய ஒரு கைன்னு எனக்குத் தனித்தனியா இல்ல" என்றார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

சபைத் தேர்தல் வேறு ஜாதி மிருகம். சமாதானத்தைப் பற்றி வாரம் தவறாமல் பாடுகிற நாங்கள், செயலாளர் யார் என்று வந்துவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்போம். ஒரு வருடம் கை தூக்கி ஓட்டெடுத்தோம். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். அடுத்த முறை ஒரு பிஸ்கட் டப்பாவைப் பெட்டியாக வைத்தோம். அதன் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார். போதகர் தலையில் அடித்துக்கொண்டு, இனி லைப்ரரி அக்காதான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம் செயலாளர் பதவிக்கு நின்றவர்கள் இரண்டு பேர், பல் டாக்டரும் அக்காவின் தம்பியும். "என் தம்பி நிக்கிறான், வேற ஆளைப் பாருங்க ஐயா" என்று அக்கா ஒதுங்கத்தான் பார்த்தார். டாக்டரே எழுந்து, "உங்களை நம்பாம வேற யாரைம்மா நம்புறது, நீங்களே நடத்துங்க" என்றார். அப்படியானால் நடத்துகிறவர் ஓட்டுப் போடக் கூடாது, அது முதல் விதி என்றார் அக்கா. தம்பி சிரித்துக்கொண்டே, "ஆரம்பத்துலயே எனக்கு ஒரு ஓட்டுப் போச்சு" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

மற்ற விதிகளையும் அக்கா வாசித்துக் காட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் கேட் சாத்தப்படும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சீட்டு கொடுக்கப்படும், சீட்டு உள்ளவர்கள் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போடலாம். சீட்டைக் கடைசியில் நிற்கிற ஆளிடமிருந்து கொடுத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். கடைசி ஆளுக்குத்தான் முதல் சீட்டு. அப்போதுதான் அதற்குப் பிறகு யாரும் வால் பிடித்து வந்து சேர முடியாது. சரி சரி என்று ஒருமனதாகத் தலையாட்டினோம். எங்களுக்கு எந்த விதியும் சம்மதம்தான், அது எங்கள்மேல் வந்து விழுகிறவரை.

தேர்தல் அன்று ஆராதனை முடிந்ததிலிருந்து தம்பியின் வேன் ஓய்வில்லாமல் ஓடியது. நடக்க முடியாதவர்கள், தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரையும் ஏற்றி வந்து இறக்கினான். யாருக்குப் போடப் போகிறார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. தன் ஓட்டைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நேரம் முடியப் போகிற சமயத்தில் அவனுக்கு ஒரு போன் வந்தது. பல் டாக்டரின் அம்மா. பிள்ளை ஓட்டுச் சேகரிக்கிற மும்முரத்தில் பெற்றவளை வீட்டிலேயே மறந்துவிட்டார்.

டாக்டரின் அம்மா யாருக்குப் போடுவாள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தம்பி வேனை எடுத்துக்கொண்டு பறந்தான்.

கேட்டுக்கு முன்னால் அந்த அம்மாவை இறக்கி, கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினான். தெருவை அடைத்து வண்டிகள் நின்றதால் வேனை மூலைக்கு அப்பால் கொண்டு போய் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குள் ஐந்தடித்தது. அக்கா சீட்டுக் கட்டோடு வந்தார், நேராக வரிசையின் கடைசிக்குப் போனார், டாக்டரின் அம்மா கையில் முதல் சீட்டைக் கொடுத்தார், கேட்டைச் சாத்தினார். சாத்தின கையோடு பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிற தையல்காரர் வந்தார். "முடிஞ்சிடுச்சுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் அக்கா. அந்த மனுஷன் வந்த வழியே நடையைக் கட்டினார்.

பிறகுதான் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, கேட்டைத் திற. வண்டிய விடத்தான் போனேன்."

"நேரம் முடிஞ்சிடுச்சு தம்பி."

"இப்பத்தானே இங்க நின்னேன்? நீயே பாத்தியே!"

"உன்னை வண்டில பாத்தேன். வரிசைல நீ நிக்கல."

போதகர் அருகில் வந்து, "அம்மா, ஒரே ஒரு ஆள்தானே, கொஞ்சம் பார்த்து..." என்று இழுத்தார். இத்தனைக்கும் பல் டாக்டரே, "விடுங்க, அவர் என் அம்மாவுக்காகத்தானே லேட்டானாரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக டாக்டருடைய பிரசங்கங்களை எல்லாம் நான் மன்னித்தேன்.

அக்கா கேட் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இப்பத்தான் தையல்காரரைத் திருப்பி அனுப்பினேன் ஐயா. அவருக்கு உள்ள அக்கா யாரும் இல்ல" என்றார்.

தம்பி ஒரே ஒரு ஓட்டில் தோற்றான். டாக்டரின் அம்மா யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை மூச்சு விடவில்லை. அது தனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும் என்கிறாள்.

தோற்றதைத் தம்பி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் என்னிடம் சொன்னது வேறு. "பதவி போனா போகட்டும் அண்ணே. அக்கா கடைசி ஆளைத் தேடி வந்தா. அந்தக் கடைசி ஆளாக்கூட அவ கண்ணுக்கு நான் தெரியல." அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வேறொரு சபைக்குப் போயிற்று. அக்கா நடந்து வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் தன் பக்கத்தில் வேதாகமப் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். யாராவது உட்கார வந்தால், "ஆள் வராங்க" என்றார். யாரும் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பை அங்கேயே இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்து நான் எத்தனையோ பாட்டில் தப்பான கட்டையை அழுத்தினேன்.

வீட்டிலும் பேச்சில்லை. தம்பி மனைவி மட்டும் மாடிக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டே இருந்தாள். "சண்டை அக்காவுக்கும் தம்பிக்கும்தான், என் சமையலுக்கு இல்ல" என்பாள்.

ஒரு ஜெபக்கூட்டத்தில், யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டபோது, தனக்காக எதையும் கேட்டறியாத அக்கா எழுந்தார். "என் தம்பிக்காக ஜெபிங்க. அவன் என்கூட பேசணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "அன்னைக்குக் கதவைத் திறந்திருந்தா இவ்வளவு வந்திருக்குமா?" என்று மூக்கை நுழைத்தாள்.

"திறந்திருக்கக் கூடாது. நான் செஞ்சது சரிதான். சரியா செஞ்சா வலிக்காதுன்னு யார் சொன்னாங்க?" என்று சொல்லி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் நிஜமாகவே ஜெபித்தேன். பொதுவாக அந்த நேரத்தில் அடுத்த பாட்டின் ராகத்தை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே ஓடிற்று. நகராட்சித் தேர்தல் வந்தது. வழக்கமாக அக்காவை வேறு வார்டுக்குத்தான் அனுப்புவார்கள். இந்த முறை ஆள் பற்றாக்குறையில் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

நான் வழக்கம்போலச் சாயங்காலம்தான் போனேன். நீண்ட வரிசை. அதன் கடைசியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். பின்னால் போய் நின்றேன். "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்று விலகினான். சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று முன்னால் போனேன். எனக்குப் பின் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், அவளையும் முன்னால் விட்டான். தையல்காரர் வந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்தே முன்னால் நிறுத்தினான்.

"எப்ப வந்த நீ?" என்று கேட்டேன்.

"மத்தியானமே வந்துட்டேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முன்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மணி அடித்தது. அக்கா சீட்டுக் கட்டோடு வெளியே வந்தார். எங்களில் யாரையும் பார்க்காமல், எங்களைத் தாண்டி வரிசையின் கடைசிக்கு நடந்தார். அங்கே போய் நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தம்பி கையை நீட்டினான்.

"அடையாள அட்டை?" என்றார் அக்கா.

அட்டை அவன் சட்டைப் பையில் தயாராக இருந்தது. தன் அக்காவை அவனுக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்தான். அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டு, முதல் சீட்டை அவன் உள்ளங்கையில் வைத்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை நம்ம சபைக்கு வண்டி ஒன்பது மணிக்குக் கிளம்பும்" என்றான் தம்பி. "லேட்டா இறங்கி வந்தா விட்டுட்டுப் போயிடுவேன். அக்கான்னு பாக்க மாட்டேன்."

"பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த சீட்டைக் கிழித்தார்.